டர்போ படகு எஞ்சினுக்கு கேம்ஷாஃப்ட்: முதலில் கேஜை மாட்டுங்கள்

படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டுவதுதான் என் வேலை. கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்) மாற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்டலாக்கில் ஒரு நம்பரை வட்டம் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். "இது போடலாமா அண்ணே?" என்று கேட்டால், "டர்பைனுக்கு முன்னால் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது, பார்த்தீர்களா?" என்று திருப்பிக் கேட்பேன். பார்த்திருக்க மாட்டார்கள். டர்பைன் என்றால் டர்போவில் எஞ்சின் புகையால் சுற்றும் சக்கரம். அது சுற்றும்போது டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும், அந்த அழுத்தம்தான் பூஸ்ட். என் முதல் டர்போ எஞ்சினில் நானும் பார்க்கவில்லை.

அது 7.4 லிட்டர் வி8. டர்போ இல்லாமல் ஓடியபோது 108 டிகிரி லோப் சென்டர் கேமோடு அருமையாக இழுத்த எஞ்சின். லோப் என்பது கேமில் வால்வைத் தள்ளும் மேடு; இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களின் உச்சிகளுக்கு இடையிலான கோணம்தான் லோப் சென்டர். கேமை அப்படியே விட்டுவிட்டு இரண்டு டர்போ ஏற்றினேன். ஐடிலில் குலுங்கிக் குலுங்கி உறுமியது. எனக்கும் ஒரே பெருமை. தண்ணீரில் த்ராட்டிலைத் தள்ளினால் படகு மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றதே தவிர, ப்ளேன் ஏறவில்லை, அதாவது தண்ணீருக்கு மேல் எழும்பிச் சறுக்கவில்லை. காற்றை உள்ளே கொண்டுவரும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினேன். வெறும் அலுமினியமாகத் தெரிய வேண்டிய ரன்னர்களில் (அதன் காற்றுக் குழாய்களில்) கரி அப்பிக் கிடந்தது. விரலை விட்டு எடுத்தால் நகக்கண் வரை கறுப்பு. வெளியே போக வேண்டிய புகை உள்ளே வந்திருக்கிறது.

காரணம் எளிது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்தான் ஓவர்லேப். டர்போ இல்லாத எஞ்சினில் வெளியேறும் புகையே புதுக் காற்றை இழுத்துக்கொடுக்கும், அதனால் ஓவர்லேப் லாபம். டர்போ வந்தால் வழியில் டர்பைன் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே தேங்கும் அழுத்தம் பூஸ்டைவிட அதிகமானால், அதே ஓவர்லேப் வழியாகப் புகை சிலிண்டருக்குள்ளும் இன்டேக்குக்குள்ளும் திரும்பும்.

ஆகவே, கேம் வாங்கும் முன் டர்பைனுக்கு முன்னால் ஒரு கேஜ் மாட்டுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறதென்றால் கண்ட இடத்தில் துளைக்க வேண்டாம். டர்போ உட்காரும் ஃப்ளாஞ்சில் உலர்ந்த பகுதி பார்த்துத் துளைத்து மரை வெட்டுங்கள். அங்கிருந்து ஒரு மீட்டர் உலோகக் குழாயைச் சுருளாகச் சுற்றி, அதன் முனையில் கேஜ். சுருள் இல்லாவிட்டால் சூட்டில் கேஜ் போய்விடும். நிஜமாக ஓட்டப்போகும் ப்ரொப்பெல்லரோடு, முழு லோடில், பூஸ்டையும் இதையும் ஒன்றாகப் பாருங்கள். பூஸ்ட் 0.7 பார், இங்கேயும் ஏறக்குறைய 0.7 என்றால் நல்ல டர்போ. கேமில் கொஞ்சம் தாராளம் காட்டலாம். இங்கே 1.4 காட்டினால் ஓவர்லேப்பை இறுக்க வேண்டியதுதான். பலருக்கு அந்த இடத்தில் கேமைவிட டர்பைன் ஹவுசிங்கை மாற்றுவதே சரி.

கணக்குப் போடத் தெரிந்துகொள்ளுங்கள். வால்வு எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்பதுதான் டியூரேஷன். இரண்டு டியூரேஷனையும் கூட்டிப் பாதியாக்கி, லோப் சென்டரின் இரு மடங்கைக் கழித்தால் ஓவர்லேப். 0.050 அங்குல லிஃப்டில் (கேம் லோப் அவ்வளவு தூக்கிய நிலையில்) அளந்த 230/230 லோப், 114 டிகிரி சென்டர்: 230-இல் 228 போக, 2 டிகிரி. அதே லோப்பை 108-இல் வெட்டினால் 14 டிகிரி. விளம்பர டியூரேஷனையும் 0.050 டியூரேஷனையும் கலந்து ஒப்பிடாதீர்கள். இரண்டும் வேறு அளவுகோல்.

அடுத்தது ப்ரொப்பெல்லர். படகில் கியர் மாற்றி ஆர்பிஎம்மை ஏற்றிக்கொள்ள முடியாது. கீழே 3000 ஆர்பிஎம் பக்கம் படகைத் தண்ணீருக்கு மேல் தூக்குகிற டார்க் வேண்டும். டர்போ இன்னும் முழுசாக விழிக்காத நேரம் அது. மேலே ப்ரொப்பெல்லர் 5200-இல் நிறுத்திவிடும் என்றால், 6500-இல் பவர் தரும் கேம் உங்களுக்கு எதற்கு? அந்த 7.4 லிட்டர் அளவு எஞ்சின், 5000 முதல் 5500 ஆர்பிஎம் வரை, 0.7 பார் பூஸ்ட் என்றால் நான் இன்டேக்கில் 0.050 டியூரேஷன் 224 முதல் 236, லோப் சென்டர் 113 முதல் 115 என்று தேடுவேன். எக்ஸாஸ்ட் டியூரேஷனை டர்பைன் இறுக்கமாக இருந்தால் இன்டேக்குக்குச் சமமாக வைப்பேன். தாராளமாக இருந்தால் 6 டிகிரி கூட்டுவேன்.

படகுக்கே உரிய இன்னொரு வம்பு, எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் கலப்பது. பெரிய ஓவர்லேப் கேம் ஐடிலில் புகையை முன்னும் பின்னும் ஆட்டும். அந்த ஆட்டத்தில் ரைசரிலிருந்து (எக்ஸாஸ்ட்டை மேலே தூக்கிவிடும் வளைகுழாய்) ஈரம் சிலிண்டர் வரை வரலாம். தண்ணீர் டர்பைனுக்குப் பின்னால் சேர்ந்தால் ஆபத்து குறைவு, ஆனால் ரைசர் தாழ்வாக இருந்தால் நம்பாதீர்கள். அரை மணி நேரம் ஐடிலில் ஓட்டி, மறுநாள் காலை ப்ளக்குகளைக் கழற்றுங்கள். ப்ளக் முனையில் செம்மஞ்சள் துரு இருந்தால் தண்ணீர் வந்துபோயிருக்கிறது.

வால்வு ஸ்ப்ரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். 2.19 அங்குல இன்டேக் வால்வின் முதுகில் 1 பார் பூஸ்ட் என்றால் ஏறக்குறைய 25 கிலோ தள்ளு. வால்வு சீட்டில் உட்காரும்போது அந்த 25 கிலோ ஸ்ப்ரிங்குக்கு எதிராகத்தான் நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வு இன்கோனல்தான் (சூடு தாங்கும் உலோகக் கலவை). நிமிடக்கணக்கில் முழு த்ராட்டிலில் ஓடும் சூட்டுக்குச் சாதாரண வால்வு தாங்காது. லிஃப்டரில் (லோப் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் பாகம்) ஹைட்ராலிக் ரோலர் போதும். சாலிட் ரோலர் போட்டு மெதுவாக நீண்ட நேரம் ஊர்ந்தால் ரோலரின் ஊசி பேரிங்குக்கு எண்ணெய் சரியாகத் தெறிக்காது. ரோலர் கேம் ஸ்டீல் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் அதற்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் கியர் பற்கள் தேய்ந்து எண்ணெய்ச் சட்டிக்குப் போகும். இரட்டை எஞ்சின் படகில் ஒன்று எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்றும் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

கேம் வந்ததும், கூட வரும் அளவுக் கார்டை நம்பி மாட்டிவிடாதீர்கள். பிஸ்டன் ஸ்டாப் வைத்து டாப் டெட் சென்டர் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) பிடித்து, டிகிரி வீலும் டயல் கேஜும் போட்டு இன்டேக் சென்டரை, அதாவது இன்டேக் லோப் உச்சிக்கு வரும் கோணத்தை, அளந்து பாருங்கள். கார்டில் 110 என்று இருந்த ஒரு கேம் என் கையில் 114 காட்டியிருக்கிறது. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இன்டேக்கில் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டில் 2.5 குறையாமல் இருக்கட்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் தண்ணீர் ஹோஸைத் திறந்துவிடுங்கள். கேம் கவலையில் அதை மறந்து நான் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் ஒன்றைக் கருக்கியிருக்கிறேன்.

அந்த வி8-க்கு அப்புறம் 114 சென்டரில் ஒன்று போட்டேன். ஐடிலில் தையல் மெஷின் மாதிரி ஓடியது. "பழைய சத்தம் எங்கே அண்ணே?" என்று உரிமையாளர் முகம் வாடிவிட்டார். த்ராட்டிலைத் தள்ளியதும் படகு ப்ளேன் ஏறியது, சத்தத்தைப் பற்றி அவர் அப்புறம் கேட்கவில்லை.