ஐஸில் விழுந்து தலை அடிபட்டால்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

குளிர்காலச் சப்பாத்து எங்கே மலிவு, ஹெல்த் கார்ட் எப்படி எடுப்பது என்று சொல்லித்தர இங்கே ஆட்களுக்குக் குறைவில்லை. நடைபாதை ஐஸில் சறுக்கி விழுந்து தலை அடிபட்டால் 10 நாளுக்குள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை. என் நண்பர் ஒருவரின் குடும்பம் அதற்குக் கொடுத்த விலையைக் கிட்ட இருந்து பார்த்தவன் நான்.

முதலில் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார் விபத்து என்றால் 7 நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், படிவம் கைக்கு வந்தால் 30 நாளுக்குள் நிரப்பிக் கொடுங்கள். பிழை யாருடையதாக இருந்தாலும் சிகிச்சைக்கான உதவி உண்டு. வேலைத்தலத்தில் அடிபட்டால், தொழிலாளர் விபத்துக் காப்புறுதியைப் பார்க்கிற மாகாணச் சபையான டபிள்யூஎஸ்ஐபியிடம் 6 மாதத்துக்குள் கோர வேண்டும், அதன் கீழ் வருகிற தொழிலாளி முதலாளி மேல் வழக்குப் போட முடியாது. மற்றபடி வழக்குப் போடப் பொதுவாக 2 வருடம். இந்த 2 வருடத்தைக் கேட்டுவிட்டுத்தான் நம் சனம் நிம்மதியாக இருந்துவிடுகிறது.

நகரசபையின் நடைபாதையிலோ வீதியிலோ விழுந்தால், விழுந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் நகரசபையின் கிளார்க் என்கிற அதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். திகதி, நேரம், இடம், என்ன காயம், நட்டஈடு கோரப்போகிறோம் என்பது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். நேரில் கொடுங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். தொலைபேசியில் முறைப்பாடு செய்ததை நம்பி இருக்காதீர்கள். கடைத்தொகுதி, அடுக்குமாடி போன்ற தனியார் இடத்துப் பனியில், ஐஸில் விழுந்தால் எழுத்தில் அறிவிக்க 60 நாள். இது 2021 ஜனவரியில் வந்த சட்டம். அந்த இடம் யாருடையது என்று தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் எழுதிப் போடுங்கள், 10 நாள் கணக்கை வைத்தே போடுங்கள்.

நண்பர் இரவு வேலை முடிந்து வரும்போது விழுந்தார். பின்மண்டையில் அடி. எமர்ஜென்சியில் சிடி ஸ்கான் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மூளை அதிர்ச்சி பெரும்பாலும் ஸ்கானில் தெரியாது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஊரில் விபத்து என்றால் பொலிஸ் என்ட்ரி போட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்பது நம் பழக்கம். இங்கே நீங்கள் வழுக்கி விழுந்ததற்கு எந்தப் பொலிசும் வந்து நிற்கப்போவதில்லை. அப்புறம் தலையிடி, வெளிச்சம் கண்ணில் பட்டால் எரிச்சல், பிள்ளைகள் மேல் சீறி விழுதல், கடையில் மிச்சக் காசை எண்ணத் தடுமாறுதல். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் "நல்லாத்தானே கதைக்கிறார், முதல்ல சுகமாகட்டும், கேஸைப் பிறகு பாப்பம்" என்றார்கள். கடைசியில் சட்டத்தரணியிடம் போனபோது 10 நாள் எப்போதோ கடந்துவிட்டது. அவர் கேட்ட முதல் கேள்வி: "நகரசபைக்கு எப்ப அறிவிச்சனீங்கள்?"

நியாயமான காரணம் இருந்து, தாமதத்தால் நகரசபையின் தரப்புக்குப் பாதகமும் இல்லை என்றால் நீதிமன்றம் மன்னிக்கலாம். ஆனால் அதற்குள் ஐஸ் கரைந்துவிட்டது, ஒரு படம்கூட இல்லை. போதாததற்கு, நடைபாதைப் பனி, ஐஸ் விஷயத்தில் சாதாரண அலட்சியம் போதாது, பாரதூரமான அலட்சியம் என்று நிரூபிக்க வேண்டும் என்கிறது சட்டம். கடைசியில் கிடைத்த சிறு தொகையோடு முடித்துக்கொண்டார். மூளையில் அடிபட்ட மனிதனிடம் 10 நாளுக்குள் கடிதம் எழுது என்று கேட்கிற சட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஆகவே கடிதம் எழுத வேண்டியது வீட்டில் இருக்கிறவர்கள். அன்றைக்கே அந்த இடத்துக்குப் போய்ப் படம் எடுங்கள், கதவிலக்கமும் தெரிய எடுங்கள். போட்டிருந்த சப்பாத்தை எறியாதீர்கள். பார்த்தவர் இருந்தால் பெயர், தொலைபேசி இலக்கம் வாங்குங்கள். குடும்ப வைத்தியரிடம் போகும்போது கூடப் போய் மறதி, கோபம், நித்திரையின்மை எல்லாவற்றையும் நீங்களே சொல்லுங்கள். அடிபட்டவர் "எனக்கு ஒண்டுமில்லை" என்பார், வைத்தியரின் பதிவில் அதுதான் ஏறும், பிறகு எதிர்த்தரப்பு அதையே எடுத்து நீட்டும். நாளாந்தம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், தமிழில் எழுதினாலும் பரவாயில்லை.

சட்டத்தரணியை, அவர்களுக்கு உரிமம் கொடுக்கிற ஒன்ராறியோ லோ சொசைட்டியின் பெயர்ப்பட்டியலில் பார்த்து உறுதிப்படுத்துங்கள், தமிழ் கதைக்கிறார் என்பதற்காக மட்டும் போகாதீர்கள். வென்றால்தான் கட்டணம் என்பார்கள், அது இங்கே வழக்கம்தான். எத்தனை வீதம், மருத்துவ அறிக்கைகளின் செலவு யார் தலையில், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவை யார் கட்டுவது, எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். அடிபட்டவர் தன் அலுவலைத் தானே பார்க்க முடியாத நிலை என்றால், நீதிபதி அங்கீகரிக்காமல் எந்தச் சமரசமும் அவரைக் கட்டுப்படுத்தாது, ஆகவே அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்க விடாதீர்கள்.

இன்னொன்று, மனைவி, பிள்ளைகள், பெற்றோர், சகோதரர்கள் தாங்கள் இழந்ததற்கும் தனியாகக் கோரலாம், குடும்பச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. நண்பரின் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். அவர் இழந்த சம்பளத்தைப் பற்றி ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. நீங்கள் முதல் சந்திப்பிலேயே அந்தக் கணக்கையும் கொண்டு போங்கள்.