டி-ஷர்ட் வாங்கும்போது இரண்டு லேபிளையும் பாருங்கள்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் டி-ஷர்ட் எடுக்கும்போது கழுத்து லேபிளோடு நிறுத்தாதீர்கள், உள்பக்கம் இடுப்போரத் தையலில் இன்னொன்று இருக்கும், அதையும் படியுங்கள். 'பங்ளாதேஷ்' என்று போட்டிருந்தால் அங்கே வெட்டித் தைத்தார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். துணி சீனாவிலிருந்து வந்திருக்கலாம், பஞ்சு வேறெங்கோ விளைந்திருக்கலாம். தையலுக்கு இன்னும் மனிதக் கைகள்தான் வேண்டும், அதனால் கூலி குறைந்த ஊரைத் தேடி அந்த வேலை போய்விடுகிறது, ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் அனுப்ப முடிவதும் பங்ளாதேஷுக்குக் கூடுதல் பலம். இந்தியாவில் பருத்திப் பின்னலாடைக்குப் பேர்போன ஊர் திருப்பூர்.

சரி, சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்கு நூல் விவரத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்: 100% பருத்தி வியர்வையை இழுத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் கூடினால் வீட்டில் போட எடுக்கவே மாட்டேன்.