வெளுத்த பவளத்தைத் தேற்றுவது எப்படி?

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் பவளம் வெளுத்துவிட்டால் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் சதைக்குள் வாழும் நுண்பாசிகள் வெளியேறியதால்தான் அந்த வெள்ளை. கிட்டப் போய்ப் பாருங்கள், எலும்புக்கூட்டின் மேல் கண்ணாடி போல மெல்லிய சதை இன்னும் ஒட்டியிருந்தால், இரவில் சின்னக் கைகளை நீட்டினால், உயிர் இருக்கிறது. முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்: வெப்பம் 25-26 டிகிரி செல்சியஸ், ஒப்படர்த்தி (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) 1.025, காரத்தன்மை 8-9 டிகேஎச் (dKH, காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் 400-450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). பிசகியிருந்தால் ஒரே நாளில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். காரத்தன்மையை மளமளவென்று ஏற்றினால் மிச்சமிருக்கும் சதையும் போய்விடலாம். அப்புறம் வெளிச்சம் குறைவான, நீரோட்டம் மிதமான இடத்தில் வைத்து, வாரம் இரண்டு முறை பம்பை நிறுத்திவிட்டு, ஆர்ட்டீமியா என்னும் பொடி உப்புநீர் இறாலைச் சொட்டுக்குழாயால் வாயருகே மெல்ல விடுங்கள். நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை அதை இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.