‘அவங்க’ எல்லாம் ‘தே’ ஆகாது

சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிற வேலூரில் தமிழ் தெரியாத டாக்டரிடம் பேச வேண்டி வருவது புதிதில்லை. அம்மாவைக் கூட்டிப்போன மகள் சொல்கிறாள்: ‘மை மதர், தே ஹேவ் ஃபீவர்.’ வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்று டாக்டர் கேட்கிறார். மகளுக்குக் குழப்பம். ‘அவங்களுக்குக் காய்ச்சல்’ என்று மரியாதையாக நினைத்தாள், வாயில் ‘தே’ வந்துவிட்டது.

இந்தத் தவறுக்கு அவளைக் குறை சொல்ல மாட்டேன். ‘ஷீ என்றால் அவள்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்ய வைத்தோம். பெற்ற தாயை ‘அவள்’ என்று சொல்ல நாக்கு கூசத்தானே செய்யும்? ஒரு பெண்ணைச் சொல்லும்போது அவள், அவர், அவங்க மூன்றுக்கும் ‘ஷீ’தான் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஹீ’, ‘ஷீ’ இரண்டிலும் அவமரியாதை துளியும் இல்லை. அங்கே மரியாதை ‘மேடம்’, ‘ப்ளீஸ்’ போன்ற சொற்களில் இருக்கிறது.

ஒருவரைக் குறிக்க ‘தே’ வரவே வராதா? வரும். ஆணா பெண்ணா என்று தெரியாதபோது ‘சம்படி லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா’ (யாரோ தன் குடையை விட்டுவிட்டார்; ‘தே’யின் உடைமை வடிவம்தான் ‘தேர்’) என்பது சரியான ஆங்கிலம். தன்னை ‘தே’ என்றே குறிப்பிடச் சொல்பவரையும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

‘எங்க அண்ணன், அவரு ராணிப்பேட்டையில தோல் கம்பெனியில இருக்காரு’ என்பது நம் பேச்சுக்கு அழகு. அதையே ‘மை பிரதர் ஹீ ஒர்க்ஸ்’ என்று எழுதினால் ஒரே ஆளை இருமுறை சொன்னதாகிவிடும். ‘ஹீ’யை எடுத்துவிடுங்கள்.

இதற்கு நேர்மாறாக, ஆளைச் சொல்லாமலே விட்டுவிடும் தவறும் உண்டு. ‘காட்பாடி வந்துட்டேன்’ என்றால் ‘ஏன்’ விகுதியே வந்தவர் யாரென்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் ‘கேம்’ என்ற வினை அதைக் காட்டாது, ‘ஐ’ வேண்டும். வேலூர் வெயிலைப் பற்றிப் பேசினாலும் ‘ஈஸ் வெரி ஹாட்’ போதாது. ‘இட் ஈஸ் வெரி ஹாட்.’

இன்டர்வியூவில் ‘மைசெல்ஃப் செல்வி’ வேண்டாம். ‘ஐ ஆம் செல்வி.’

நாம, நாங்க என்று நாம் பிரித்துச் சொல்வதெல்லாம் ஆங்கிலத்தில் ஒரே ‘வீ’க்குள் அடங்கிவிடும். ‘வீ ஆர் கோயிங் டு ஏலகிரி’ என்றால் தன்னையும் அழைப்பதாக எதிரில் இருப்பவர் நினைக்கலாம். குடும்பத்தோடு மட்டும் போவதென்றால் ‘மை ஃபேமிலி அண்ட் ஐ’ என்று தொடங்குங்கள். அவரும் வர வேண்டுமென்றால் ‘கம் வித் அஸ்’ என்று கூப்பிட்டுவிடுங்கள்.