பேசும் பொம்மைப் பறவைக்கு உயிரூட்டும் முறை

கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1963 ஜூன் 23 அன்று திறக்கப்பட்ட 'என்சாண்டட் டிக்கி ரூம்' அரங்கில் இயந்திரப் பறவைகள் பாடின. அலகு திறப்பதும் மூடுவதுமான அந்த அசைவு இன்றைய கண்ணுக்கு எளிமையாகத் தோன்றலாம். ஆனால் அதன் பின்னிருந்த ஏற்பாடு இன்றும் கற்கத் தக்கது. குரல் பதிவான காந்த நாடாவிலேயே, பார்வையாளருக்குக் கேட்காத ஒலிச் சைகைகளும் பதிவாகியிருந்தன. அவை மெல்லிய உலோக நாக்குகளை அதிரச் செய்ய, அந்த அதிர்வு மின்சுற்றை மூட, ரிலே எனும் மின்சுவிட்ச் வழியாகக் காற்று வால்வு திறந்து அலகு அசைந்தது. குரலும் அசைவும் ஒரே நாடாவில் ஓடியதால் ஒன்றைவிட்டு ஒன்று விலக வழியில்லை. மேசைமேல் நிற்கும் சிறிய பறவையொன்றை மூன்று மோட்டார்களால் பேசவைக்கும் இந்த வழிமுறையும் அதே நெறியைத்தான் பின்பற்றுகிறது.

அலகுக்கு ஒன்று, இமைக்கு ஒன்று, தலை இடவலமாகத் திரும்ப ஒன்று என மூன்று சிறு சர்வோ மோட்டார்கள், அதாவது கட்டளையிட்ட கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்கள், போதும். ஏறத்தாழ 9 கிராம் எடையுள்ள வகை அலகுக்கும் இமைக்கும் பொருந்தும். தலையின் எடையைத் தாங்குவதற்கு உலோகப் பற்சக்கரம் கொண்ட சற்றுப் பெரியதைத் தேர்ந்தெடுங்கள். மோட்டாரின் கையையும் அலகையும் விறைப்பான எஃகுக் கம்பியால் இணைத்தபின், அலகை எப்போதும் ஒரே பக்கம் இழுத்துப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்றைப் பொருத்துங்கள். பற்சக்கரங்களுக்கிடையே இருக்கும் சிறு தளர்வை அது விழுங்கிவிடும். இதைச் செய்யாமல் விட்டால், எவ்வளவு திறமையாக நிரல் எழுதினாலும் அலகு நடுங்கிக்கொண்டே இருக்கும்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: மோட்டார்களுக்கான மின்னோட்டத்தை, அவற்றுக்குக் கட்டளை அனுப்பும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையான ஆர்டுயினோவிலிருந்து எடுக்காதீர்கள். தடைபட்டு நிற்கும் சிறு மோட்டார்கூட அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும் என்பதால், அவற்றுக்குத் தனியாக 5 வோல்ட் மின்வழங்கி வைத்து, அதன் எதிர்மின் முனையைப் பலகையின் தரை (GND) முனையோடு கட்டாயம் இணைத்துவிடுங்கள்.

இனி அசைவுக்கு வருவோம். கோணங்களை எண்களாகத் தட்டச்சு செய்து அசைவை உருவாக்கத்தான் பலரும் முயல்கிறார்கள். விளைவு, பறவை கடிகார முள்ளைப் போல் துள்ளும். டிஸ்னியின் பொறியாளர்களும் இந்த இடரைச் சந்தித்தவர்கள்தான். வாத்தெல் ராஜர்ஸ் தம் உடலில் உணர்கருவிகள் பூட்டிய சட்டகத்தை அணிந்துகொண்டு தாமே நடித்துக் காட்ட, அவருடைய அசைவுகள் பொம்மைக்கான சைகைகளாக மாற்றப்பட்டன. நமக்கு அத்தனை பெரிய சட்டகம் வேண்டியதில்லை. பொட்டென்ஷியோமீட்டர் எனப்படும், திருகினால் மின்னழுத்தம் மாறும் குமிழ்கள் மூன்றைப் பலகையின் அனலாக் முனைகளில் இணைத்து, குரல் பதிவை ஓடவிட்டு, கைவிரலால் திருகி நடியுங்கள். ஒரே நேரத்தில் மூன்றையும் இயக்க முயலாமல் முதல் ஓட்டத்தில் தலை, அடுத்ததில் அலகு, கடைசியில் இமை என்று தனித்தனியாகப் பதிவதே நல்லது. தலை எங்கே திரும்புகிறது என்பது முடிவானால்தான் மற்றவை எங்கே வரவேண்டும் என்பது புலப்படும்.

வழக்கமான சர்வோ மோட்டாருக்கு நொடிக்கு 50 முறை கட்டளைத் துடிப்பு போகிறது. அதே வேகத்தில் பதியுங்கள். அரை நிமிட வசனத்துக்கு மூன்று மோட்டார்களின் பதிவு, நிலைக்கு ஒரு பைட் வீதம், 4,500 பைட் வரும். ஆர்டுயினோ ஊனோ R3 பலகையின் செயல் நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே என்பதால், அளவுகளை யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்பிக் கோப்பாகச் சேமியுங்கள். ஒலியையும் அசைவையும் திரும்ப இயக்குவது அந்தக் கணினியாகவே இருக்கட்டும். ஒலியின் ஓட்டத்தில் எத்தனையாவது மில்லிநொடி என்று பார்த்து, அதற்குரிய நிலையை மோட்டாருக்கு அனுப்ப வேண்டும். ஒலிக்கு ஒரு கருவி, அசைவுக்கு ஒரு கருவி என்று வைத்து இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால், நேரம் செல்லச் செல்ல இடைவெளி கூடும்.

பதிவான அசைவைத் திருத்தும்போதுதான் அனிமேஷன் கலை உள்ளே வருகிறது. டிஸ்னி அனிமேஷன் கலைஞர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் தொகுத்தளித்த பன்னிரண்டு கோட்பாடுகளுள் மூன்று இங்கே பெரிதும் உதவும். மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்பது முதலாவது. அருகருகே உள்ள ஐந்து அளவுகளின் சராசரியை எடுத்தாலே இதில் பெரும்பங்கு கிடைத்துவிடும். பெரிய அசைவுக்கு முன் எதிர்த்திசையில் சிறிது பின்வாங்குவது இரண்டாவது. தலை வலப்புறம் திரும்புமுன் ஓரிரு பாகை இடப்புறம் சாய்ந்தால், அது நினைத்துத் திரும்புவதாகவே பார்ப்பவர் உணர்வார். எல்லா உறுப்பும் ஒரே கணத்தில் நிற்காமலிருப்பது மூன்றாவது. இமைப்பைத் தலை திரும்பும் நடுப்பகுதியில் வையுங்கள்; சீரான இடைவெளியில் இமைக்கும் பறவை பொம்மையாகவே தெரியும்.

உதட்டசைவில் எல்லா ஒலிக்கும் அலகைத் திறந்து மூடுவது வீண் உழைப்பு. அது படபடப்பாகத்தான் தெரியும். இதழ் இயைந்து பிறப்பவை என்று நம் இலக்கண நூலார் வகுத்த ப, ம ஆகிய ஒலிகளுக்கு அலகு கட்டாயம் மூடியிருக்க வேண்டும். ஆ, ஐ போன்றவற்றுக்கு அகலத் திறக்கட்டும். இடைப்பட்டவற்றைப் பாதித் திறப்பில் கடந்துவிடலாம். மேலும், அசைவு ஒலிக்கு ஓரிரு பிரேம் முன்னதாக வருவது கண்ணுக்கு இயல்பாகப் படும் என்பது அனிமேஷன் கலைஞர்களின் அனுபவம். நொடிக்கு 24 பிரேம் என்ற திரைப்படக் கணக்கில் அது ஏறத்தாழ 40 முதல் 80 மில்லிநொடி. மோட்டார் சென்றுசேரும் தாமதத்தையும் இதனுடன் கூட்டி, அலகின் அசைவுப் பதிவு முழுவதையும் முன்னே நகர்த்துங்கள்.

கேளிக்கைப் பூங்காவில் ஒரே காட்சி நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடுவதைப் போல உங்கள் பறவையும் ஓடுவதானால், பதிவின் கடைசி நிலையும் முதல் நிலையும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையேல் ஒவ்வொரு சுற்றிலும் தலை வெடுக்கென்று குதித்துப் பற்சக்கரத்தைத் தேய்க்கும். இரண்டு மணி நேரம் இடைவிடாது ஓடவிட்டு, மோட்டார்களைத் தொட்டுப் பாருங்கள். ஏதேனும் ஒன்று கைபொறுக்காத சூடாக இருந்தால், அலகோ இமையோ எங்கோ முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். அந்த மோட்டாரின் கடைசிக் கோணத்தை இரண்டு பாகை குறைத்துவிட்டு மறுபடியும் ஓடவிடுங்கள்.