காகம் கரையும், நாய் குரைக்கும்: எழுதும்போது தடுக்கிவிழும் இடங்கள்

துணைப்பாடம் சொல்லித் தரும் எனக்கு, தொடக்கநிலை 4 கட்டுரைகளில் ஓயாமல் கண்ணில் படும் வரி இது: 'திருடனைக் கண்டதும் நாய் குறைத்தது.' வல்லின ற போட்டால் விலையைக் குறைப்பது, உப்பைக் குறைப்பது என்றுதான் பொருள். நாய்க்கு இடையின ர, குரைத்தது. காகத்துக்கும் அதே ர, கரைந்தது. 'கறை' சட்டையில் படிவது. உறுமு, பிளிறு, அலறு, கதறு, சீறு என்று கரடுமுரடான ஒலிகள் பலவற்றுக்கு வல்லின ற வருவதால் கை தானாக அங்கே போய்விடுகிறது. குரை, கரை இரண்டையும் தனியாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட என்னை வருத்துவது கரைதலின் பொருளைத் தவறவிடுவது. 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்கிறது 527ஆம் குறள். காகம் உணவைத் தண்ணீரில் கரைத்து உண்ணும் என்று விளக்கம் எழுதிய பிள்ளைகள் உண்டு. பெரியவர்களும் இங்கே தடுமாறிப் பார்த்திருக்கிறேன். கரவா என்றால் ஒளிக்காமல். கரைந்து என்றால் குரல் கொடுத்து அழைத்து. உணவங்காடி நிலையத்தில் யாரோ விட்டுப்போன தட்டில் ஒரு காகம் வந்து உட்காருவதைக் கவனியுங்கள். பாதி இட்லிதான் இருக்கும். இரண்டு முறை கா, கா என்னும். சற்று நேரத்தில் நாற்காலி முதுகில் இன்னும் இரண்டு வந்து நிற்கும். அந்தக் குரலில் அழைப்பு இருக்கிறது. குறுந்தொகை 210இல் 'விருந்து வரக் கரைந்த காக்கை' என்று பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் வந்துவிட்டது. 'காக்கா கத்துது' என்று வீட்டில் பேசுவது சரிதான், உரையாடலாக எழுதினாலும் சரி. ஆனால் கட்டுரையில் 'கத்தியது' என்று எழுதினால் அந்த அழைப்பு போய்விடும்.

மனிதர்களுக்கு வரும்போது பொருள் மாறும். 'அழுது கரைந்தாள்' என்றால் உருகினாள். ஒருவரைப் பார்த்து 'குரைக்காதே' என்பது வசை. கோபத்தைக் காட்ட 'உறுமினார்' போதும்.

அப்புறம் குயில். 'பெண்குயில் இனிமையாகக் கூவியது' என்று எழுதாதீர்கள். விடியும் முன்பே நம் அடுக்குமாடி வீடுகளில் தூக்கத்தைக் கலைக்கும் அந்தக் 'குவூ' ஆண்குயிலுடையது. பெண்ணின் குரல் 'கிக் கிக் கிக்' என்று கரகரப்பாக, வேகமாக வரும். அது முட்டையிடுவதோ காகத்தின் கூட்டில்.

யானை பிளிறும், குதிரை கனைக்கும், ஆந்தை அலறும், சிங்கம் முழங்கும் என்ற பட்டியல் எல்லாப் பயிற்சி நூலிலும் இருக்கிறது. அதை அப்படியே ஒப்பிக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. யானை எப்போதும் பிளிறுவதில்லை. கூட்டத்தோடு அமைதியாக நிற்கும்போது அடித்தொண்டையில் மெல்ல முனகும். கதையில் அது மிரண்டு தும்பிக்கையைத் தூக்கும் இடத்தில் 'பிளிறியது' என்று எழுதுங்கள்.