சொந்தமாகத் தயாரித்த பாடங்களைக் கூகுள் டிரைவ் வழியாகப் பகிரும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சூழ்ந்த சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பகுதிகளிலும் வார இறுதிகளில் தமிழோ தேவாரமோ கற்பிப்பவர்கள் தாங்களே பதிவு செய்த பாடங்களை வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொன்றாக அனுப்பிவந்தால், இடையில் சேரும் மாணவருக்கு முந்தைய பாடங்கள் எளிதில் கிடைப்பதில்லை. கைப்பேசி நிரம்பியதும் பழையவை அழிக்கப்பட்டுவிடுகின்றன. பாடங்கள் அனைத்தையும் கூகுள் டிரைவ் என்னும் மேகச் சேமிப்பகத்தில், அதாவது இணையவழிச் சேமிப்பிடத்தில், ஒரே கோப்புறையில் வைத்து, அதன் இணைப்பை மட்டும் மாணவரிடம் கொடுப்பது நல்லது.

இதற்கெனத் தனிக் கூகுள் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை ஜிமெயிலும் புகைப்படங்களும் பங்கிட்டுக்கொள்வதால், சொந்தக் கணக்கில் வைத்தால் குடும்பப் படங்களே பாடங்களுக்கான இடத்தை விழுங்கிவிடும்.

பதிவேற்றுவதற்கு முன் காணொளிகளைச் சுருக்குங்கள். தென்னாப்பிரிக்காவில் கைப்பேசி டேட்டா மலிவானதன்று; பல வீடுகளில் மாதக் கடைசியில் அது தீர்ந்தும் போய்விடும். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் சுருக்கிய பத்து நிமிடக் காணொளி ஏறத்தாழ 75 எம்பி அளவுக்கு வரும். அதே பத்து நிமிடத்தை 64 கிலோபிட் ஒலிப்பதிவாக்கினால் 5 எம்பிகூட ஆகாது. ல, ள, ழ ஒலிப்பைக் கற்பிக்கும் பாடத்தில் நாக்கு எங்கே படுகிறது என்று காட்டவேண்டியிருப்பதால் காணொளி அவசியம். பதிகம் பாடக் கற்பிக்க ஒலியே போதும். சுருக்குவதற்கு ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருள் உதவும். எழுத்துப் பாடங்களைப் பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

கோப்புகளின் பெயர்கள் 01, 02 என இரண்டு இலக்க எண்ணில் தொடங்கட்டும். இல்லாவிட்டால் சில கருவிகளில் பத்தாம் பாடம் இரண்டாம் பாடத்துக்கு முன்னால் வந்து நிற்கும். எண்ணை அடுத்து, பாடத்தின் பெயரைத் தமிழில் மட்டுமன்றி ஆங்கில எழுத்திலும் கொடுங்கள். இங்குள்ள பெற்றோர் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. பிள்ளைக்குப் பாடத்தைத் திறந்து கொடுப்பவர்களோ பெரும்பாலும் அவர்கள்தாம்.

இனிப் பகிர்தல். கோப்புறையைத் தேர்ந்து ‘பகிர்’ என்பதை அழுத்தினால், குறிப்பிட்ட மின்னஞ்சல்களுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். அல்லது இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று அமைக்கலாம். சிறு வகுப்புக்கு இரண்டாவது வழியே எளிது. ஆனால் அனுமதி ‘பார்வையாளர்’ என்ற நிலையில்தான் இருக்கிறதா என்பதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ‘திருத்துபவர்’ என்று விட்டுவிட்டால், இணைப்பு கிடைத்த யாரும் பாடங்களின் பெயரை மாற்றவும் கோப்புறையிலிருந்து அவற்றை அகற்றவும் முடியும். பார்வையாளர் பதிவிறக்குவதைத் தடுக்கும் வசதியும் உண்டு, ஆயினும் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்: மின்வெட்டு வேளையிலும் டேட்டா தீர்ந்த நாளிலும் மாணவருக்குக் கைகொடுப்பது பதிவிறக்கிய பிரதிதான். திருட்டுக்கு அஞ்சினால் முதல் பக்கத்தில் உங்கள் பெயரைப் பொறியுங்கள். திரையைப் பதிவு செய்ய நினைப்பவரை எப்படியும் தடுக்க முடியாது.

இணைப்பை அனுப்புவதற்கு முன், உலாவியில், கணக்கில் உள்நுழையாத மறைநிலைச் (incognito) சாளரத்தில் அதை ஒட்டித் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கில் உள்நுழைந்திருக்கும்போது எல்லாக் கோப்புகளும் உங்களுக்குத் திறக்கும் என்பதால், மற்றவர்களுக்கு என்ன தெரிகிறது என்பதை அந்தச் சாளரமே காட்டும்.

ஒரு பாடத்தில் பிழையிருந்தால் பழைய கோப்பை அழித்துப் புதியதை ஏற்றாதீர்கள். கோப்பின் தனி இணைப்பு மாறிவிடும், அதைச் சேமித்து வைத்திருந்தவர்களுக்குப் பாடம் கிடைக்காது. கணினியில் அந்தக் கோப்பின் மீது வலச்சொடுக்கி, பதிப்புகளை நிர்வகிக்கும் பகுதிக்குச் சென்று, திருத்திய கோப்பைப் புதிய பதிப்பாக ஏற்றினால் இணைப்பு அப்படியே இருக்கும்.

வகுப்பில் பதிவு செய்த காணொளியில் பிள்ளைகளின் முகமோ பெயரோ வந்தால், பகிர்வதற்கு முன் பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். போப்பியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தகவல்களுக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆசிரியர் மட்டும் தோன்றும்படி பதிவு செய்தால் இந்தச் சிக்கலே எழாது.

கணக்கின் கடவுச்சொல்லை உங்கள் வகுப்பு சார்ந்த சங்கத்தில் நம்பிக்கைக்குரிய இன்னொருவரும் அறிந்திருக்கட்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கிவிடக்கூடும் என்பதால், வகுப்பு நடக்காத காலத்திலும் யாராவது இடையிடையே உள்நுழைந்து பார்க்கவேண்டும். பாடங்களின் இன்னொரு பிரதியை வெளிவன்தட்டு (external hard disk) ஒன்றிலும் வைத்திருங்கள்.